ஒரே அளவுப் பெட்டி: கூடலூர் தோட்டத்திலிருந்து கடை அலமாரி வரை

கூடலூர் போயிருக்கீங்களா? நீலகிரி கூடலூர் இல்லை, தேனி மாவட்டக் கூடலூர். தேனியிலிருந்து குமுளி போகும் தேசிய நெடுஞ்சாலை 183-ல் கம்பத்தைத் தாண்டினால் வரும் நகராட்சி. அதற்கப்புறம் லோயர் கேம்ப், மலைப்பாதை, கேரள எல்லை. 1895 முதல் முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் மலையிறங்கி வந்து பாயும் பூமி இது. இங்கேயும் சுற்றியுள்ள காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையான்பட்டி பக்கமும் பந்தல் பந்தலாகத் திராட்சை தொங்கும். நாம் பன்னீர் திராட்சை என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான்.

அந்தப் பந்தலில் தொங்கும் ஒரு கொத்து உங்க வீட்டுக்கு எப்படி வருது? கைகளை எண்ணிப் பாருங்க.

வெட்டுபவர் கொத்தைக் கூடையில் வைப்பார். பந்தல் ஓரத்தில் இன்னொருவர் வெடித்த பழத்தையும் அழுகலையும் கழித்துவிட்டு வேறு பெட்டியில் அடுக்குவார். லாரியில் ஏற்ற ஒரு கை, இறக்க ஒரு கை. கமிஷன் மண்டியில் திறந்து பார்க்க ஒரு கை. சில்லறை வியாபாரி வாங்கிப் போய்த் தன் தட்டில் பரப்ப ஒரு கை. கடைசியில் நாம். மேலே இருப்பதை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் கொத்து நல்லா இருக்குமோ என்று கிளறிப் பார்க்கும் கை!

ஒவ்வொரு முறை பெட்டி மாறும்போதும் கொஞ்சம் பழம் உதிரும், கொஞ்சம் நசுங்கும். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. அழுத்தம் தாங்காது. ஒரு பழம் வெடித்துச் சாறு கசிந்தால் பக்கத்துப் பழத்துக்கும் பூஞ்சை தொற்றும்.

இது சின்ன விஷயம் இல்லை. லூதியானாவில் உள்ள மத்திய அரசின் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் கணக்கெடுத்து 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பழங்கள், காய்கறிகளில் 4.58 முதல் 15.88 சதவீதம் வரை அறுவடைக்குப் பிறகு வீணாகிறது. திராட்சையில் இது 8 சதவீதத்துக்கும் மேல். அதாவது 100 கிலோ வெட்டினால் 8 கிலோவுக்கு மேல் யார் வாய்க்கும் போகாமல் குப்பைக்குப் போகிறது. அதற்கும் தண்ணீர் பாய்ச்சியாச்சு, மருந்து அடிச்சாச்சு, வெட்டுக்கூலி கொடுத்தாச்சு. அந்த நஷ்டத்தில் ஒரு பங்கு விவசாயி தலையில் விழும், மறுபங்கு நீங்க கொடுக்கும் விலையில் ஏறும்.

இந்த நஷ்டத்தைக் குறைக்கும் வழிகளில் எளிமையான ஒன்று பெட்டி. அதுவும் ஒரே அளவுள்ள பெட்டி. தோட்டத்தில் நிரப்பிய பெட்டி, நடுவில் யாரும் கொட்டி மாற்றாமல், அப்படியே கடை அலமாரியில் போய் உட்கார வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பெட்டியிலும் பாக்கெட்டிலும் என்ன எழுதியிருக்க வேண்டும், எழுதாவிட்டால் உங்க போனிலிருந்தே என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

பெட்டிக்கு எதுக்கு ஒரே அளவு?

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்க. ஒரு காகிதத்தில் 12 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கட்டம் வரையுங்க. வேறு காகிதத்தில் 6-க்கு 4 சென்டிமீட்டர் அளவில் ஐந்து துண்டு வெட்டுங்க. இப்போது அந்த ஐந்தையும் கட்டத்துக்குள் அடுக்குங்க. இரண்டைப் படுக்கையாக, மூன்றைச் செங்குத்தாக வைத்தால் ஒரு இடுக்குகூட இல்லாமல் நிரம்பும்.

இதுதான் உலகம் முழுக்கச் சரக்குப் பெட்டிகளுக்கான அடிப்படைக் கணக்கு. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. பெட்டிகளுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் அளவு 600-க்கு 400 மில்லிமீட்டர். ஃபோர்க்லிஃப்ட் வண்டி தூக்கும் 'பேலட்' என்ற தட்டு பொதுவாக 1200-க்கு 1000 அல்லது 1200-க்கு 800 மில்லிமீட்டர். முதல் வகையில் ஒரு அடுக்குக்கு ஐந்து பெட்டி, இரண்டாவதில் நான்கு பெட்டி கச்சிதமாக உட்காரும். சின்னப் பெட்டி வேண்டுமா? 400-க்கு 300. அதில் இரண்டு சேர்ந்தால் ஒரு பெரிய பெட்டி. அதையும் பாதியாக்கினால் 300-க்கு 200. நம்ம ஊர் படி, அரைப்படி, கால்படி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவு.

அளவு ஒன்றாக இருந்தால் என்ன லாபம்?

• லாரியில் இடம் வீணாகாது. இடைவெளி இல்லாததால் மலைப்பாதை வளைவுகளில் பெட்டி ஆடி உரசாது.

• பாரத்தைப் பெட்டியின் சுவர் தாங்கும், பழம் தாங்காது. அட்டைப்பெட்டியின் வலு பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் மூலைமேல் நேராக உட்கார்ந்தால் அடுக்கு நிற்கும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் மேல் பெட்டி கீழே இருப்பதன் நடுவில் அமுக்கும், பழம் சட்னியாகும்.

• எண்ணுவது சுலபம். 'இந்த லாரியில் எத்தனை கிலோ?' என்ற கேள்விக்குப் பெட்டியை எண்ணினாலே பதில் கிடைக்கும். தக்காளி வியாபாரத்தில் 14 கிலோ பெட்டி என்று விலை சொல்வதைச் செய்திகளில் கேட்டிருப்பீங்க. அந்தப் பெட்டிதான் அங்கே கணக்கு.

• தூக்குபவரின் முதுகுக்கும் நல்லது. கைப்பிடி ஓட்டை ஒரே இடத்தில், எடை ஒரே அளவில் இருந்தால் எவ்வளவு தூக்கப்போகிறோம் என்று சுமைதூக்கும் தொழிலாளிக்கு முன்பே தெரியும்.

உலக வர்த்தகத்தையே மாற்றியதும் இந்த எளிய யோசனைதான். 1956 ஏப்ரல் 26-ல் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் ஒரே மாதிரியான 58 உலோகப் பெட்டிகளுடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. ஏற்பாடு செய்தவர் மால்கம் மெக்லீன், லாரித் தொழிலில் இருந்தவர். அதுவரை துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரியிலிருந்து பெட்டியை அப்படியே கப்பலுக்குத் தூக்கி வைத்தால் போதும் என்று காட்டியது அந்தப் பயணம். இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் நீங்க பார்க்கும் கன்டெய்னர்கள் அதன் வாரிசுகள். துறைமுகத்தில் வேலை செய்த அதே யோசனை திராட்சைப் பந்தலிலும் வேலை செய்யும்.

அலமாரிக்கே போகும் பெட்டி

இனி கடைக்குள் வாங்க. உங்க தெரு மளிகைக் கடையில் சாக்லேட் அல்லது சூப் பாக்கெட் வந்த அட்டைப்பெட்டியைக் கவனிங்க. சில பெட்டிகளின் முன்பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஓட்டை போட்டிருக்கும். கடைக்காரர் அந்தக் கோட்டில் கிழித்தால் முன்பக்கம் மட்டும் கழன்று வரும். பெட்டியே தட்டாக மாறிவிடும். உள்ளே இருக்கும் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டாம். பெட்டியோடு தூக்கி அலமாரியில் வைத்தால் போதும்.

லாரியில் வரும்போது பெட்டி, கடைக்கு வந்ததும் காட்சித்தட்டு. இந்த முறை ஐரோப்பியப் பல்பொருள் அங்காடிகளில் 2000-களில் பரவலானது. இப்படிப்பட்ட பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அங்கே ஐந்து இலக்கணம் வகுத்தார்கள்:

1. உள்ளே என்ன இருக்கிறது என்று கிடங்கில் பார்த்ததும் தெரியணும்.
2. கத்தி இல்லாமல், பொருளைக் கீறாமல் திறக்கணும்.
3. ஒரே தூக்கில் அலமாரியில் வைக்கணும்.
4. வாங்குபவர் கலைக்காமல் எடுக்க வசதியாக இருக்கணும்.
5. காலியானதும் மடித்து எடுக்கவோ மறுபடி பயன்படுத்தவோ முடியணும்.

இது பெரிய கடைகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டும் இதே யோசனைதான். வந்த சரத்தை அப்படியே ஆணியில் மாட்டுகிறார், நீங்க கேட்டதும் கிழித்துக் கொடுக்கிறார். பழத்துக்கு மட்டும் ஏன் இன்னும் கொட்டிக் குவிக்கும் முறை?

மகாராஷ்டிராவின் நாசிக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் விதையில்லாத் திராட்சையைப் பாருங்க. 500 கிராம் கண்ணாடி போன்ற சின்ன டப்பாக்கள் பத்து, ஒரு 5 கிலோ பெட்டிக்குள். பூஞ்சை வராமலிருக்க உள்ளே ஒரு ரசாயனத் தாள். தோட்டத்துக்குப் பக்கத்துச் சிப்பம் கட்டும் கூடத்தில் அடைத்த டப்பாவை, அங்கே கடையில் வாங்குபவர்தான் திறப்பார். ஏற்றுமதியை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசின் அபெடா அமைப்பு 'கிரேப்நெட்' என்ற கணினி வழித்தடத்தையும் வைத்திருக்கிறது. பெட்டியில் உள்ள எண்ணை வைத்துப் பழம் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

கூடலூருக்கு எது பொருந்தும்?

நாசிக் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிவராது. பன்னீர் திராட்சை பெரும்பாலும் உள்ளூர்ச் சந்தைக்கும் கேரளாவுக்கும் போகும் பழம். தூரம் குறைவு, விலையும் குறைவு. பழத்தைவிடப் பெட்டி விலை அதிகமானால் யாருக்கும் பயனில்லை.

அதனால் விவசாயி முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். உதாரணமாக, 100 கிலோவுக்கு 8 கிலோ வீணாகிறது, நல்ல பெட்டி அதை 4 கிலோவாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோ 50 ரூபாய் என்றால் மிச்சமாவது 200 ரூபாய். அப்படியானால் ஒரு கிலோவுக்குப் பெட்டிச் செலவு 2 ரூபாய்க்குள் இருந்தால் லாபம், தாண்டினால் நஷ்டம். எண்களை உங்க தோட்டத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்க. கணக்கு இதேதான்.

இந்த வரம்புக்குள் வருவதற்குத் திரும்பத் திரும்பப் பயன்படும் பிளாஸ்டிக் கிரேட் நல்ல வழி. ஒரு கிரேட்டின் விலை நூறு பயணத்துக்குப் பங்கிடப்பட்டால் ஒரு நடைக்கு ஆகும் செலவு சொற்பம். இங்கே கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு தனி வசதி உண்டு. மற்ற இடங்களில் திராட்சை சில மாதங்கள்தான். இங்கே ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் அறுவடை நடக்கும். கிரேட் சும்மா கிடக்காது.

சிக்கல் எங்கே? காலிக் கிரேட் திரும்பி வருவதில். சந்தைக்குப் போன கிரேட்டில் கொஞ்சம் காணாமல் போகும், கொஞ்சம் உடையும். திரும்பி வரும் லாரியில் காலிப் பெட்டியும் இடத்தை அடைக்கும். இதற்குச் சில வழிகள்:

• ஒருவர் தனியாக வாங்காமல் உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து, ஒரே அளவில், ஒரே நிறத்தில் வாங்குவது. நம் சந்தைகளில் சுற்றும் கிரேட் எல்லாம் ஒரே அளவு இல்லை. வாங்கும் முன் டேப் வைத்து அளந்து பாருங்க. 600-க்கு 400 என்றால் நல்லது.

• கிரேட்டின்மேல் குழுவின் பெயரையும் எண்ணையும் அழியாமல் பொறிப்பது.

• வியாபாரியிடம் கிரேட்டுக்கு முன்பணம் வாங்கிக்கொள்வது. சோடா பாட்டிலுக்கு வாங்கினார்களே, அதே பழக்கம்.

• மடக்கும் வகை, அல்லது காலியானதும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் வகையைத் தேர்ந்தெடுப்பது.

திராட்சைக்குக் கிரேட் ஆழமாக இருக்கக் கூடாது. கொத்துகளை ஒரே அடுக்காக, அதிகம் போனால் இரண்டடுக்காக வைக்கலாம். பக்கவாட்டில் காற்றுத் துளை வேணும். ஒவ்வொரு நடைக்கும் கழுவிக் காயவைக்கணும். அடியில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கத்தைக் கட்டாயம் விடணும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் சுற்றுவதையும் வைப்பதையும் 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு (பொட்டலமிடல்) விதிமுறைகள் தடை செய்கின்றன. அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் உணவில் ஒட்டும் என்பதே காரணம். ஈரமான பழத்தில் இன்னும் சுலபமாக ஒட்டும். அச்சிடாத வெள்ளைத் தாளைப் பயன்படுத்தலாம்.

கடைசிக் கட்டமான சில்லறை விற்பனைக்கு, 400-க்கு 300 அளவுள்ள சின்ன அட்டைத்தட்டில் அரை கிலோ டப்பாக்களாக வைத்து அனுப்பினால் கடைக்காரர் அப்படியே அலமாரியில் வைப்பார். கிளறும் கை குறையும்.

பெயரைச் சுமக்கும் பெட்டி

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆனால் மதுரையிலோ சென்னையிலோ தள்ளுவண்டியில் குவித்து வைத்த திராட்சையைப் பார்த்து, இது கம்பத்துப் பழமா, வேறு மாநிலத்துப் பழமா என்று உங்களால் சொல்ல முடியுமா? கொட்டிவிட்ட நிமிஷத்தில் ஊர்ப் பெயர் போய்விடுகிறது. பெட்டியில் வந்தால்தான் பெயர் கூடவே வரும்.

இதில் பல விவசாயிகளுக்குத் தெரியாத ஒரு விஷயம்: புவிசார் குறியீடு கிடைத்துவிட்டால் எல்லோரும் தானாக அந்த முத்திரையைப் பெட்டியில் அச்சிட்டுவிட முடியாது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டப்படி, ஒவ்வொரு விவசாயியும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவகம் இருப்பது நம்ம சென்னை கிண்டியில்தான். இந்த விண்ணப்பக் கட்டணம் முன்பு 500 ரூபாய். 2020-ல் கொண்டுவந்த திருத்தத்தில் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். குழுவாகச் சேர்ந்து விண்ணப்பங்களைத் தயார் செய்தால் வேலை இன்னும் சுலபம்.

பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கணும்?

இப்போது வாங்குபவர் பக்கம் வருவோம். சட்டம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது.

கடைக்காரர் உங்க கண்முன்னே தராசில் நிறுத்துக் கொடுத்தால் அது சில்லறை எடை. நீங்க இல்லாதபோதே, குறிப்பிட்ட அளவில் அடைத்து வைத்திருந்தால் அது 'முன்கூட்டியே பொட்டலமிட்ட பொருள்'. இரண்டாவது வகைக்கு 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளும் பொருந்தும். சில்லறைப் பொட்டலத்தில் இவை இருக்க வேண்டும்:

• தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர், முகவரி
• பொருளின் பெயர்
• நிகர அளவு. அதாவது டப்பா, உறை நீங்கலாகப் பொருளின் எடை மட்டும்
• எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை
• ஓர் அலகு விலை (கிராமுக்கு அல்லது கிலோவுக்கு எவ்வளவு)
• தயாரித்த தேதி விவரம். உணவுப் பொருளுக்கு இதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தீர்மானிக்கும். வெட்டாத, பதப்படுத்தாத பழம், காய்கறிக்குக் காலாவதி தேதி கட்டாயமில்லை
• புகார் சொல்ல வேண்டியவரின் தொலைபேசி, மின்னஞ்சல்
• இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது

ஓர் அலகு விலையைக் கவனிக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. முன்பு பிஸ்கட், டீத்தூள், சோப்பு உட்பட 19 பொருட்களை இந்தந்த அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று பட்டியல் இருந்தது. 2021-ல் அறிவித்த திருத்தம் அந்தப் பட்டியலை நீக்கியது. எந்த அளவிலும் அடைக்கலாம், ஆனால் அலகு விலையைப் போட வேண்டும் என்றாகிவிட்டது. ஆக, ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இப்போது நம்முடையது. 450 கிராம் பாக்கெட் 90 ரூபாய், பக்கத்தில் 400 கிராம் பாக்கெட் 84 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்க. 84 ரூபாய் மலிவாகத் தெரியும். அலகு விலையைப் பாருங்க: முதலாவது கிராமுக்கு 20 காசு, இரண்டாவது 21 காசு. மலிவாகத் தெரிந்ததுதான் விலை அதிகம்!

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். 2018 ஜனவரி 1 முதல் இந்த விவரங்களில் பெரும்பாலானவற்றை விற்பனைத் தளத்தின் பக்கத்திலேயே காட்ட வேண்டும். ஆர்டர் போடும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

பெட்டி எடை விஷயத்தையும் சொல்லியாகணும். இனிப்புக் கடையில் அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுத்தால் என்ன ஆகும்? பெட்டி 80 கிராம், இனிப்பு கிலோ 500 ரூபாய் என்றால் வெறும் அட்டைக்கு 40 ரூபாய் கொடுக்கிறீங்க. திராட்சைத் தட்டுக்கும் இதே கணக்கு. காலிப் பெட்டியைத் தராசில் வைத்ததும் எண் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்க. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வைக்கப்பட வேண்டும். அதையும் கேட்கலாம்.

890 என்றால் இந்தியத் தயாரிப்பா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் தகவல் இது: பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள். பாதிதான் உண்மை. அந்த எண்ணை ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு வழங்கியிருக்கிறது என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். பொருள் எங்கே தயாரானது என்பதை அது சொல்லாது. அதற்கு முகவரியையும் நாட்டின் பெயரையும்தான் படிக்க வேண்டும்.

பார்கோடு முதன்முதலில் கடையில் ஸ்கேன் செய்யப்பட்டது 1974 ஜூன் 26-ல், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டில். இன்று நீங்க வாங்கும் பாக்கெட்டுக்கு 13 இலக்க எண் ஒன்று, அது வந்த பெரிய பெட்டிக்கு 14 இலக்க எண் வேறொன்று. கிடங்கில் பெட்டியைத் திறக்காமலே உள்ளே எத்தனை பாக்கெட் என்று தெரிந்துகொள்வது அந்த இரண்டாவது எண்ணால்தான்.

விவசாயிகளும் குழுக்களும் என்ன செய்யலாம்?

1. உழவன் செயலி. 2018-ல் தொடங்கிய இந்தச் செயலியைப் போனில் இறக்கிப் பதிவு செய்துகொள்ளுங்க. மானியத் திட்டங்கள், சந்தை விலை இரண்டும் தமிழிலேயே கிடைக்கும்.

2. தோட்டக்கலை அலுவலகம். பிளாஸ்டிக் கிரேட், சிப்பம் கட்டும் அறை ஆகியவற்றுக்கான மானியம் அந்தந்த ஆண்டுத் திட்டத்தைப் பொறுத்து மாறும். உங்க வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த ஆண்டு நிலவரத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்க. முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் சிக்கலாகலாம்.

3. ஆராய்ச்சி நிலையம். ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அறுவடைப் பக்குவம், பந்தலிலிருந்து இறக்கிய பிறகு கையாளும் முறை பற்றி அங்கே கேட்கலாம்.

4. பொட்டலமிடுபவர் பதிவு. டப்பாவில் அடைத்துச் சில்லறைக்கு அனுப்பத் தொடங்கினால் 90 நாட்களுக்குள் சட்டமுறை எடையளவுப் பிரிவில் பதிவுக்கு விண்ணப்பிக்கணும். கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இந்தப் பிரிவு தொழிலாளர் துறையின்கீழ் வருகிறது.

5. உணவுப் பாதுகாப்பு. திராட்சையைச் சாறாகவோ ஜாமாகவோ உலர்திராட்சையாகவோ மாற்றி விற்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு அல்லது உரிமம் கட்டாயம். 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும்.

6. நேரடி விற்பனை. கம்பம், சின்னமனூர், தேனி உழவர் சந்தைகளில் விற்பவர்கள் கிரேட்டையே காட்சித்தட்டாக வைக்கலாம். கீழே கொட்ட வேண்டாம்.

சுமைதூக்கும் தொழிலாளர்களே, உங்களுக்கும் ஒன்று. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் நீங்க உறுப்பினராகலாம். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்க வசதி இருக்கிறது. பக்கத்து இ-சேவை மையத்திலும் விசாரிங்க.

வாங்குபவர்கள்: புகார் எங்கே?

• விலை அதிகம், எடை குறைவு, லேபிளில் விவரம் இல்லை என்றால்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப் எண் 88000 01915. தமிழிலும் பேசலாம். எடை, முத்திரை தொடர்பான புகாரை உங்க மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் கொடுக்கலாம்.

• உணவின் தரம், செய்தித்தாளில் பொட்டலம், சுகாதாரக் குறைபாடு என்றால்: தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை வாட்ஸ்அப் எண் 94440 42322.

• லேபிளில் உள்ள 14 இலக்க எண் உண்மையா என்று பார்க்க: 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலி.

புகார் கொடுக்கும் முன் மூன்று படம் எடுங்க: பாக்கெட்டின் முன்பக்கம், விவரம் அச்சிட்ட பக்கம், பில். பில் இல்லாமல் புகார் நிற்பது கஷ்டம். அதனால் பத்து ரூபாய்ப் பொருளுக்கும் பில் கேளுங்க.

அடுத்த முறை திராட்சை வாங்கும்போது இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்க: 'அண்ணே, இது எந்த ஊர்ப் பழம்? எந்தப் பெட்டியில வந்துச்சு?' கடைக்காரர் பெட்டியைக் காட்டி, அதில் ஊர்ப் பெயரையும் படித்துச் சொன்னால், கூடலூர்ப் பந்தலில் வெட்டிய கை அடுக்கியபடியே அந்தக் கொத்து உங்களிடம் வந்திருக்கிறது. அப்புறம் நீங்களும் கிளறாமல் எடுங்க.